ஊட்டியில் ஒரு காப்பி

மகன் பூபதியிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தால் அப்புசாமி அதைச் சும்மா படித்துவிட மாட்டார். கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டு, தொண்டையைச் செருமி, கோர்ட்டில் தீர்ப்புச் சொல்வதுபோல உரக்க வாசிப்பார். வாசித்து முடிக்கும்வரை மிக்சி ஓடக்கூடாது. குக்கர் தன் விசிலை அடக்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சங்ககிரி வீட்டுக்கு மருமகளாக வந்த இலக்கியா முதலில் கற்றுக்கொண்ட சட்டம் அதுதான்.

பூபதிக்கு நியூசிலாந்தில் ஒரு கோழி ஆலையில் வேலை. நாமக்கல் பக்கம் திரும்பிய இடமெல்லாம் கோழிப்பண்ணை இருக்க, கோழிக்காக ஒருவன் கடல் தாண்டிப் போவானா என்று ஊரே கேட்டது. “அங்கத்திக் கோழி வேற” என்று சொல்லிச் சமாளித்தார் அப்புசாமி. ஆவணி முகூர்த்தத்தில் தாலி கட்டி, பதினெட்டு நாள் இருந்துவிட்டு அவன் விமானம் ஏறினான். இலக்கியா விசாவுக்காகக் காத்திருந்தாள்.

பூபதிக்குப் பயம் அதிகம். சிலிண்டரை மூடினார்களா, மோட்டார் ஒயரை எலி கடித்ததா, மாடிக் கதவுக்குத் தாழ் போட்டார்களா என்று நியூசிலாந்தில் இருந்துகொண்டு சங்ககிரி எலிக்கெல்லாம் பயப்படுவான். ஆலையில் கைக்கு இரட்டை உறை. போனில் தட்ட முடியாது. இடைவேளையில் போனை வாயருகே பிடித்துப் பேசுவான். போன் அதை எழுதும். போன் படித்தது பாடப்புத்தகத் தமிழ். அவன் பேசியதோ சங்ககிரித் தமிழ். “இங்க நெம்பக் குளுருதுங்க” என்று அவன் சொன்னது “இங்கே நம்ம குழு இருக்குங்க” என்று வந்து சேர்ந்தது. “எந்தக் குழுவுல போயிச் சேந்தானோ” என்று அவன் அம்மா மயிலம்மாள் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள்.

புரட்டாசி பிறந்த வாரம் வந்த செய்தி கல்யாணப் போட்டோவைப் பற்றியது.

போட்டோக்காரர் ஜீவானந்தம் மூவாயிரத்து எண்ணூறு படங்களையும் ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டுக் கொடுத்திருந்தார். இன்னும் ஆல்பம் போடவில்லை. ஆல்பத்துக்கு இருநூறு படம் பொறுக்க உட்கார்ந்த அன்றே அப்புசாமிக்கும் அவர் தங்கைக்கும் பேச்சு நின்றுபோனது. தங்கை கேட்ட நாற்பது படத்திலும் தங்கை மட்டுமே இருந்தாள். ஆக, கல்யாணம் நடந்ததற்கு உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றுதான் சாட்சி.

அப்புசாமி வாசித்தார்: “அப்பா போட்டோ டிஸ்கை ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். மூன்று காப்பி போட வேண்டும். ஊட்டியில் ஒரு காப்பி. மாமனார் ஊட்டியில் ஒரு காப்பி. கிளவுடில் ஒரு காப்பி. மறந்துவிட வேண்டாம். எனக்குத் தூக்கம் வருவதில்லை.”

அப்புசாமி கண்ணாடியைக் கழற்றினார்.

“மூணு காப்பி! பாத்தியா மயிலா, எம்பையனுக்கு ஓடறது லாரி ரத்தம்” என்றார் அப்புசாமி. முப்பது வருஷமாக அவர் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறார். “லாரி ரசீது, எல்.ஆர். போட்டா மூணு காப்பி. அனுப்பறவனுக்கு ஒண்ணு, வாங்கறவனுக்கு ஒண்ணு, டிரைவருக்கு ஒண்ணு. அதையேதான் சொல்றான்.”

“அதுக்கு ஏனுங்க ஊட்டி?”

“குளுரு. நீ பாலக் கெடாம எங்க வெக்கற? ஃப்ரிட்ஜுலதான?”

இலக்கியா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “மாமா, அது ஊட்டி இல்லீங்க மாமா. ஊட்டுலன்னு சொல்லியிருப்பாரு, போன் தப்பா எழுதியிருக்கும். நம்ம வூட்டுல ஒண்ணு, எங்கப்பா வூட்டுல ஒண்ணு.”

“வூட்டுலயா!” மயிலம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள். “வூவாமா, வூ! வெளக்க ஊதி அமத்தறாப்புல.”

இலக்கியா ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு பயிர் செய்யும் சடையனின் மகள். அவள் வாய்திறந்தால் இந்த வீட்டில் இரண்டு பேருக்குப் பொழுதுபோகும்.

“அம்மிணி,” என்றார் அப்புசாமி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. “எம்பையன் பேச்ச இருவத்தேழு வருசமா நாங் கேக்கறேன். நீ கேட்டது பதினெட்டு நாளு. ஆத்தூர்க்காரி வந்து சங்கீரிக்காரனுக்கு அருத்தம் சொல்றதா?”

“அப்ப கிளவுடுன்னு போட்டிருக்காரே மாமா?”

“அதென்னது?”

“மேகம்னு அர்த்தம். ஆனா இது வானத்து மேகம் இல்லீங்க, இன்டர்நெட்டுல…”

“மேகம்!” அப்புசாமி தொடையில் தட்டினார். “நம்மூருல மேகத்தப் பாத்து எத்தன நாளாச்சு? ஊட்டியில சன்னலத் தொறந்தா ஊட்டுக்குள்ளயே வருது. மூணுக்கும் ஒரே விலாசந்தான் புள்ள! பையன் தெளிவாத்தான் எழுதியிருக்கறான்.”

மூன்று இடத்தில் வைக்கச் சொன்னதற்கு மூன்றுக்கும் ஒரே விலாசம் எப்படி என்று கேட்க இலக்கியாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. மயிலம்மாள் இன்னும் ‘வூ’வை முடித்திருக்கவில்லை. விழுங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூபதி கூப்பிட்டபோது அப்புசாமி போனை ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் ஏதோ மெஷின் கத்திக்கொண்டிருந்தது.

“ஏஞ்சாமி, ஊட்டியிலயே வெச்சரட்டுமா?”

“ஆமாங்கப்பா, ஊட்டுலயே வெச்சிருங்க. அதுதான் பத்தரம். மாமனாரு ஊட்டுலயும் மறந்தராதீங்க.”

“மாமனாரையும் கூட்டிட்டுப் போறேன் சாமி, நீ வெசனப்படாத.”

இலக்கியாவின் காதில் ‘ஊட்டுல’ என்றுதான் விழுந்தது. மற்ற இரண்டு பேர் காதிலும், அதாவது நாலு காதிலும், ஊட்டி விழுந்தது. அப்புசாமி அவளைப் பார்த்த பார்வையில் வழக்கு முடிந்துவிட்டது.

அவள் ரகசியமாகப் புருஷனுக்குத் தட்டினாள்: ‘மாமாவும் அத்தையும் போட்டோவ எடுத்துக்கிட்டு ஊட்டி போறாங்களாம்.’ பதில் உடனே வந்தது: ‘போகட்டும் பாவம். அம்மா மலையே பார்த்ததில்லை. நல்லா போட்டோ எடுத்துக்கச் சொல்லு.’ படம் எடுக்க இல்லை என்று மறுபடி தட்ட எடுத்தவள் வைத்துவிட்டாள். விவரமாகச் சொன்னால் அவன் அப்பாவிடம் கேட்பான். அப்பா அம்மாவிடம் சொல்வார். அம்மா தெருவில் சொல்வாள்: வந்து ஒரு மாசம் ஆகல, மகங்கிட்ட வத்தி வெச்சுட்டா. படம் எங்கேயும் போய்விடப் போவதில்லை, ஊட்டியில்தானே இருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

ஜீவானந்தம் ஹார்டு டிஸ்கில் இருந்ததை இரண்டு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். ஆக மூன்று. அப்புசாமி மூன்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து, டப்பாவைத் தார்ப்பாய்த் துணியில் சுற்றி, கயிறு கட்டி, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டார். லோடு கட்டுவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

“இங்க ஒண்ணாவது இருக்கட்டுமே மாமா.”

“எம்பையன் மூணுன்னு சொன்னா நான் ரெண்டு அனுப்பறதா? புக்கிங் ஆபீஸ் வெச்சிருக்கறேன் அம்மிணி, கடலைக்கடை இல்ல.”

வேன் பேசி, மயிலம்மாளையும் சம்பந்தி சடையனையும் ஏற்றிக்கொண்டு போனார். இலக்கியாவைக் கூட்டிப்போகவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? அவள் கல்யாணம் மலை ஏறியது, அவள் ஊறவைத்த அரிசிக்குக் காவல் இருந்தாள். டப்பா போன இடம் கந்தவேல் என்பவரின் காய்கறி மண்டி. கந்தவேல் அப்புசாமிக்குத் தூரத்துப் பங்காளி. சங்ககிரிப் பக்கமிருந்து போய் ஊட்டியில் கேரட் கமிஷன் பார்க்கிறவர்.

திரும்பி வந்ததும் சடையன் மகளைக் கூப்பிட்டார். “ஏம்மா, உங்க மாமனாரு என்ன எதுக்குக் கூட்டிக்கினு போனாருன்னே வௌங்கல. மாமனாருக்கு ஊட்டியில ஒரு காப்பின்னு வாங்கிக் குடுத்தாரு. குடிச்சேன். ‘ஆச்சு, வேல முடிஞ்சுது’ன்னு சொன்னாரு. வந்துட்டோம். எதுனா வேண்டுதலா?”

“ஆமாம்பா,” என்றாள் இலக்கியா. வேறு எப்படிச் சொல்வது?

ஐப்பசி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, சேலத்து விசா ஏஜென்ட் கூப்பிட்டார். இரண்டு குடும்பமும் சேர்ந்து நிற்கும் கல்யாணப் படம், தாலி கட்டும் படம் என்று பதினைந்து வேண்டுமாம். கேமராவில் எடுத்த அசல் வேண்டும், தேதி உள்ளே பதிந்திருக்க வேண்டும், வாட்ஸப்பில் சுற்றி வந்தது ஆகாது. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் ஃபைல் திரும்பிவிடும். மறுபடி முதலிலிருந்து போட்டால் எட்டு மாசமோ பத்து மாசமோ. “கல்யாணம் நெசமா நடந்துதான்னு அவங்க பாப்பாங்கம்மா” என்றார் ஏஜென்ட். பத்து மாசம் என்பது இந்த வீட்டில் எத்தனை ‘வூ’ என்று இலக்கியா கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

ஜீவானந்தம் ஸ்டுடியோவுக்கு ஓடினாள். “முப்பது நாளைக்கு மேல எதையும் வெச்சிருக்க மாட்டேங்க,” என்றார் அவர். “ரசீதுலயே அச்சடிச்சிருக்கறேன். நீங்க படிக்கலீங்களா? ஆருமே படிக்கறதில்லீங்க.”

அப்புசாமி கந்தவேலுக்குப் போன் போட்டார். “ஏப்பா கந்தவேலு, அந்தப் பென்டிரைவு ரெண்டு இருந்துச்சே…”

“அதுங்களா? அருமையான பென்டிரைவுங்கண்ணா! லாரி டிரைவர் காத்தான் வண்டியில ஒண்ணு ஓடுது, இன்னொண்ணு நம்ம மண்டி வண்டியில. சும்மாதான கெடக்குதுன்னு பசங்க பாட்டு ஏத்திக்கிட்டானுங்க. முந்நூறு பாட்டுங்கண்ணா!”

“அதுல இருந்த போட்டோவு?”

“எடம் பத்தலைன்னு அழிச்சுட்டானுங்க. லாரியில போட்டோவு எப்பிடிங்கண்ணா பாக்கறது?”

லாரிக்காரனுக்குப் பென்டிரைவ் என்றால் பாட்டு. அப்புசாமியின் இரண்டு லாரியிலும் அதுதான் நிலைமை.

இலக்கியா போனை அவர் கையிலிருந்து வாங்கினாள். இதற்குமுன் அப்படிச் செய்ததில்லை. “சின்ன மாமா, கறுப்பா ஒரு பெட்டி இருந்துதே, அது?”

“அது பத்தரமா இருக்குதும்மா. அதுல பாட்டு வராதுன்னுட்டானுங்க, ஒருத்தனும் தொடல. ஆயுத பூசைக்கு எடுத்துச் சாமி படத்துக்கிட்ட வெச்சேன். இன்னும் அங்கயேதான் இருக்குது.”

அவளுக்கு மூச்சு வந்தது. வியாழக்கிழமை காத்தான் கேரட் லோடோடு சேலம் போகிறான், சங்ககிரி வழியாகத்தான் வருவான், கொடுத்தனுப்புகிறேன் என்றார் கந்தவேல்.

புதன்கிழமை மதியம் பூபதி கூப்பிட்டான். ஏஜென்ட் அவனுக்கும் சொல்லியிருந்தார். டிஸ்க் எங்கே என்றான். அப்புசாமி சொன்னார்.

“ஊட்டியா?” அவன் கத்திய கத்தலில் அங்கே ஆலைக் கோழியெல்லாம் மறுபடி உயிர்த்திருக்கும். “நாஞ் சொன்னது ஊட்டுலங்கப்பா! ஊட்டுல!”

“நீ எழுதியிருக்கறது ஊட்டி. இந்தா, எங்கிட்ட இருக்குது. வாசிக்கட்டுமா?”

“அது போன் எழுதுச்சுங்க!”

“ஓகோ. அப்ப சித்திரையில ‘பொண்ணு பிடித்திருக்கிறது, முடித்துவிடுங்கள்’னு ஒண்ணு வந்துச்சே, அது ஆரு எழுதுனது? அதும் போனா?”

லைன் கட் ஆகியிருக்குமோ என்று அப்புசாமி போனை ஆட்டிப் பார்த்தார். இலக்கியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஐந்தில் பதில் வந்தது.

“அது நாந்தானுங்கப்பா.”

ஐந்து கொஞ்சம் அதிகம்தான் என்று அவளுக்குப் பட்டது. நியூசிலாந்து தூரம், குரல் போய் வர நேரமாகும் என்று அந்த நினைப்பைத் தள்ளிவிட்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டி ஒரு மணிக்கு வந்தது. புக்கிங் ஆபீஸ் வாசலில், பைபாஸ் தூசியில், அவள் அதுவரை நின்றுகொண்டே இருந்தாள். காத்தான் பாட்டை அணைக்காமலே இறங்கினான். பாடிக்கொண்டிருந்தது அவள் கல்யாணம் இருந்த பென்டிரைவ். அவன் முதலில் எல்.ஆரை நீட்டினான். ‘ஹார்டு டிஸ்க், ஒரு உருப்படி’ என்று கந்தவேல் முறையாக எழுதி அனுப்பியிருந்தார். அப்புசாமி அதில் கையெழுத்துப் போட்டு, தன் காப்பியைக் கிழித்து எடுத்துக்கொண்ட பிறகுதான் உருப்படி கைக்கு வந்தது.

உருப்படியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். நெற்றி என்று கந்தவேல் நினைத்த இடம் கேபிள் சொருகும் ஓட்டை. சந்தனம் உள்ளே இறங்கி, இரண்டு வாரமாகக் காய்ந்து, சுண்ணாம்பாட்டம் இறுகியிருந்தது.

“தெய்வ கடாச்சம்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் மயிலம்மாள்.

மூவரும் அதை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனார்கள். ஜீவானந்தம் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். “ஏனுங்க, விபூதியாவது பூசியிருக்கப்படாதுங்களா? தட்டுனா உதுந்திருக்கும்.” ஊசியும் பல்குச்சியும் பழைய பிரஷும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சுரண்டினார்கள். பாதியில் அவர் கைவலிக்கிறது என்று டீக்குப் போனார். இலக்கியா விடவில்லை. ஒவ்வொரு துணுக்காகப் பெயர்த்து ஊதினாள். ஊதும்போது மயிலம்மாள் சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் தடவை சொருகியபோது ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவை டிஸ்கின் விளக்கு மினுக்கி அணைந்தது. மூன்றாவது தடவை அவள் கேபிளை லேசாக மேலே தூக்கிப் பிடித்தாள். உள்ளே ஏதோ உறுமியது. திரையில் மஞ்சள் ஃபோல்டர். அதைத் திறந்தால் அவள், மாலையோடு, கண்ணை மூடிக்கொண்டு. இத்தனை அசிங்கமாக விழுந்த படத்தைப் பார்த்து எவளும் அப்படி அழுதிருக்க மாட்டாள்.

“அசையாம புடிச்சுக்கங்க, காப்பி பண்றேன்” என்றார் ஜீவானந்தம். இருபது நிமிஷம் அவள் சிலையாட்டம் நின்றாள்.

பதினைந்து படம் பொறுக்க வேண்டும். அப்புசாமியும் மயிலம்மாளும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

“இது வேண்டாம், எம்மூஞ்சி கோணிக்கிச்சு” என்றாள் மயிலம்மாள்.

“இதுல நான் சம்பந்திக்குப் பொறத்தால நிக்கறேன்,” என்றார் அப்புசாமி. “பையனப் பெத்தவன் பொறத்தால நிக்கறதா? வெள்ளக்காரன் பாத்தா என்ன நெனைப்பான்? ஊட்டுக்குப் பெரிய மனுசனே இல்லையாட்ட இருக்குதுன்னு நெனைக்க மாட்டானா?”

“நீங்க எங்க நின்னா என்னுங்க, என்ர சீலை மடிப்பப் பாருங்க!”

“உன்ர சீலைக்கா விசா குடுக்கறான்?”

“உங்க மீசைக்குக் குடுப்பானாக்கு?”

மீசைக்கும் சீலைக்கும் நடுவில் இலக்கியா மவுஸைத் தன் பக்கம் நகர்த்தினாள். அவளும் பூபதியும் கண் திறந்திருந்த பதினைந்தை எடுத்து, ஏஜென்ட் மெயிலுக்கு ஏற்றி, அனுப்பு என்பதை அமுக்கினாள்.

“என்ன புள்ள பண்ணுன?”

“அனுப்பிட்டேன் மாமா.”

“எங்ககிட்டக் கேக்காமயா?”

“கேட்டுக்கிட்டிருந்தா கார்த்திகை வந்திரும்.” குரல் தனக்கே புதிதாக இருந்தது. ஜீவானந்தம் டீ கிளாசுக்குள் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏஜென்ட், படம் வந்தது, சரியாக இருக்கிறது, ஃபைல் போய்விட்டது என்று சொன்னார்.

சனிக்கிழமைக்குள் அப்புசாமிக்குக் கதை திருந்திவிட்டது. புக்கிங் ஆபீசில் லாரி ஓனர்களை உட்காரவைத்துச் சொன்னார்: “இங்க வெச்சிருந்தா இந்த வெய்யிலுக்கு ஆவியாப் போயிருக்கும். ஊட்டியில வெச்சதாலதான் பொழச்சுது. மூணுல ரெண்டு போச்சு, ஒண்ணு நின்னுச்சு. அதுக்குத்தான் மூணு காப்பி!” கேட்டவர்கள் தலையாட்டினார்கள். கார்த்திகை பிறப்பதற்குள் ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவரும் சங்ககிரியிலேயே இரண்டு பேரும் தங்கள் வீட்டுக் கல்யாணத்தைக் கந்தவேல் மண்டிக்கு அனுப்பியிருந்தார்கள். கந்தவேல் சாமி படத்துக்குக் கீழே தனிப் பலகை அடித்திருக்கிறாராம். வெள்ளிக்கிழமைதோறும் சூடம் காட்டுகிறாராம்.

இலக்கியா யாரிடமும் சொல்லாமல் மூன்று வேலை செய்தாள். தன் பீரோவில், துணிக்கு அடியில், ஒரு டிஸ்க் வைத்தாள். தீபாவளிச் சீர் கொண்டுவந்த அப்பாவிடம் ஒன்றைக் கொடுத்து, “இதுல பாட்டு இல்லப்பா, யாருக்கும் குடுக்காத” என்றாள். மூன்றாவதை ஜீவானந்தம் கடையில் உட்கார்ந்து, உண்மையான கிளவுடுக்கு ஏற்றினாள். கடவுச்சொல்லை எங்கும் எழுதிவைக்கவில்லை.

அடுத்த வாரம் பூபதியின் செய்தி வந்தது. அப்புசாமி கண்ணாடியைத் துடைத்தார். மிக்சி நின்றது.

“அப்பா நீங்கள் ஊட்டியில் வைத்ததால்தான் படம் தப்பியது. மிக்க நன்றி. இனி எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிடலாம்.”

“கேட்டியா அம்மிணி?” என்றார் அப்புசாமி. “இதும் போன் எழுதுனதாக்கு?”

இல்லை, இதை எழுதியது அவன்தான். அப்பாவிடம் எப்போதும் அடங்கிப் போகிற அந்த வாய்க்கு எந்தப் போனும் இதைக் கற்றுத் தந்திருக்க முடியாது. இலக்கியா உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, தன் போனை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்:

‘இனிமே எதுனா சொல்லணும்னா எங்கிட்டப் பேசுங்க. போன்கிட்டப் பேசாதீங்க.’

பதில் எப்போது வரும் என்று அவள் இந்தத் தடவை எண்ணவில்லை. எழுந்து போய் மிக்சியை ஓட்டினாள். முன்னறையில் அப்புசாமி செய்தியை இரண்டாம் தடவை வாசிக்கத் தொடங்கியிருந்தார்.